பின் கண்ணாடிக்கு நாலு மார்க்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாடகைக்கு எடுத்த பெரிய கூடம், அதன் நடுவில் சிவப்பாக ஒரு சின்னக் கார். இந்தப் பக்கம் விளக்கை அணைத்த சிறிய அறை, மூன்று நாற்காலி, ஒரு திரை, ஆறிப்போன காப்பி. இங்கிருந்து பார்த்தால் அங்கே நடப்பதெல்லாம் தெரியும். அங்கிருந்து பார்க்கிறவர்களுக்குத் தங்கள் முகம்தான் தெரியும். காரை வரைந்தவர்கள் இருட்டில் உட்கார்ந்து, கார் பைத்தியங்கள் அதைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று ஒட்டுக்கேட்பதற்குக் கம்பெனி வைத்திருந்த மரியாதையான பெயர், கருத்தறியும் கூட்டம்.

கார் என்றால் ஓடுகிற கார் இல்லை. ஃபைபரில் வார்த்துப் பெயிண்ட் அடித்து, கதவைத் திறந்து உள்ளே உட்காரும்படி செய்த முழு அளவுப் பொம்மை. எந்தக் கம்பெனி வண்டி என்று வந்தவர்களுக்குத் தெரியக்கூடாது என்பதால், சின்னம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார்கள்.

அவள் அந்தக் காரின் பின்பக்கத்தை வரைந்தவள். ஸ்டுடியோவில் அவளுக்குப் பட்டப்பெயரும் அதுவே. ‘பின்பக்கம் சாப்பிட்டாச்சா?’ என்று கேட்பார்கள், அவளும் திரும்பிப் பார்ப்பாள். இரண்டரை வருஷ வேலை. கூரை சரிந்து இறங்குகிற கோட்டை மட்டும் நாற்பது தடவை மாற்றியிருக்கிறாள். இன்றைக்கு வரும் பன்னிரண்டு பேர் பின்பக்கத்துக்குப் போடும் மார்க்கின் சராசரி பத்துக்கு ஏழு வந்தால், அவள் வரைந்தது தொழிற்சாலைக்குப் போகும். வராவிட்டால், பக்கத்து அறையில் துணி போர்த்தி நிற்கிற இன்னொரு பின்பக்கம் போகும். அதை வரைந்தவன், ‘பென்சில்’ என்று பட்டப்பெயர் வாங்கியவன், காதில் செருகிய பென்சிலோடு அவளுக்கு அடுத்த நாற்காலியில்தான் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். ஆள் கெட்டவன் இல்லை. மனசுக்குள் திட்டித் தீர்க்கக்கூட அவளுக்கு வழியில்லை.

போதாக்குறைக்கு, ஒன்பதாவது ஆளாக உள்ளே நுழைந்தது அவளுடைய அண்ணன்.

கட்டம் போட்ட சட்டை, பையில் பேனாவோடு சேர்ந்து ஒரு குட்டி டார்ச். அண்ணன் பல் டாக்டர். பிழைப்பு பல், உயிர் கார். இணையத்தில் கார் ரசிகர்கள் கூடிச் சண்டை போடுகிற மன்றம் ஒன்றில் தினமும் ஒரு மணி நேரம் செலவழிக்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. கூட்டத்துக்கு ஆள் பிடித்துத் தருகிறவர்கள் இந்த மாதிரி மன்றங்களில்தான் வலை வீசுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும், அண்ணன் வருவான் என்று தோன்றவில்லை.

அண்ணனுக்கோ அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்றே தெரியாது. கார் கம்பெனி என்று வாயைத் திறந்தால் அடுத்த வண்டி எது, இன்ஜின் என்ன என்று துளைத்தெடுத்துவிடுவான். அதனால் வாஷிங் மெஷினுக்குக் கதவு வரைவதாக வீட்டில் சொல்லிவைத்திருந்தாள். அந்தப் பொய்க்குத் தண்டனை, சொந்தத்தில் யார் வீட்டு மெஷின் ஒழுகினாலும் போன் அவளுக்குத்தான் வரும்.

காலையில் கையெழுத்துப் போட்ட தாளில் தெளிவாக எழுதியிருந்தது: வந்தவர்களில் உறவினர் யாராவது இருந்தால் அந்த நிமிஷமே சொல்லிவிட வேண்டும். இரண்டு அடி தள்ளி மேடம் உட்கார்ந்திருந்தார். ஸ்டுடியோவின் தலைமை அவர்தான். சொல்ல ஒரு வாக்கியம் போதும்.

அவள் சொல்லவில்லை. அந்தக் காரே அண்ணன் வாயிலிருந்து வந்தது. சின்ன வண்டி என்றால் பின்பக்கம் குட்டையாக, பாயப்போகிற பூனை மாதிரி பதுங்கி நிற்க வேண்டும் என்று சாப்பாட்டு மேஜையில் அவன் ஆயிரம் தடவை கை ஆட்டிச் சொன்னதைத்தான் அவள் கோடாகப் போட்டிருந்தாள். அவனுக்குப் பிடிக்காமல் போகுமா? ஒரு பத்து மார்க் தானாக நடந்து வந்து உட்காரும்போது அதை எழுப்பி வெளியே அனுப்புவானேன்? அவள் காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அங்கே கேள்வி கேட்க நிறுத்தியிருந்த பையன் ஒருவன் பேச்சை ஆரம்பித்து வைத்ததும் ஆளாளுக்குக் காரைச் சுற்றி வந்தார்கள்.

“மூஞ்சி நல்லாருக்கு,” என்றான் ஒரு தொப்பிக்காரன். “வாய்தான் கொஞ்சம் பெருசு.”

“பெருசா இருக்கட்டும் தம்பி, காத்து உள்ள போகுதான்னு பாருங்க,” என்றான் அண்ணன், முன் கிரில்லைத் தட்டியபடி. “முக்கால்வாசி அடைச்சு வச்சிருக்காங்க. கட்டுன பல்லு. சிரிக்கலாம், கடிக்க முடியாது.”

எல்லாரும் சிரித்தார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவளும் சிரித்தாள். முன்பக்கத்தை வரைந்தவன் நல்லவேளையாக லீவில் இருந்தான்.

பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து நடுவில் இருந்த திரையைத் தட்டிப் பார்த்தார். “ஏசியைக் கூட்டணும்னா மூணு தடவை தட்ட வேண்டியிருக்கு. நான் ரோட்டைப் பாக்கறதா, இதைப் பாக்கறதா? ஒரு திருகு வச்சா குறைஞ்சா போயிடுவாங்க? ஹேண்ட்பிரேக்கையும் பிடுங்கிட்டு ஒரு பொத்தான் வச்சிருக்காங்க. இதுல ஸ்போர்ட்டியாம்.” சக்கரம் பெரிது, டயர் ஒல்லி, ஒரு பள்ளத்தில் விழுந்தால் இடுப்பு போய்விடும் என்றார் இன்னொருவர். சிவப்பு நூல் தையல் எல்லோருக்கும் பிடித்திருந்தது. சிவப்பு நூலைக் கண்டால் கார் பைத்தியங்களுக்கு மூளை கொஞ்ச நேரம் வேலை செய்யாது என்பது ஸ்டுடியோவில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

அண்ணன் பின்பக்கத்துக்கு வந்தான்.

முதலில் குந்தி உட்கார்ந்து புகைக்குழாய்க்குள் விரலை விட்டான். விரல் நகக்கண்ணோடு நின்றது. “ரெண்டு குழாய். ரெண்டும் பொய்,” என்றான். அது விற்பனைப் பிரிவின் பிடிவாதம், என்னுடையது இல்லை என்று கத்த வேண்டும்போல இருந்தது அவளுக்கு. அப்புறம் அவன் எழுந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

“வெளிய இருந்து பாக்க அழகுதான். கூரை இறங்குற கோடு பிரமாதம். ஆனா அந்தக் கோட்டுக்காகப் பின் கண்ணாடியை நெருக்கித் தபால்பெட்டி ஓட்டை அளவுக்குக் கொண்டுவந்துட்டாங்க. பின்னாடி ஒரு குழந்தை நின்னா தெரியாது. இதை வரைஞ்சவங்களுக்கு ரிவர்ஸ் எடுக்கறதுல இஷ்டம் இல்ல போல.”

கேட் தூணில் இரண்டு தடவை ரிவர்ஸில் இடித்தவள் அவள். ஓட்டச் சொல்லிக் கொடுத்தவன் அவன். பென்சில் பிஸ்கட்டை நிறுத்திவிட்டுக் கண்ணாடி, கண்ணாடி என்று நோட்டில் எழுதிக்கொண்டான்.

அப்போதுதான் அண்ணன் சட்டைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்தான்.

இந்தத் தொழிலில் எல்லாரிடமும் ஒரு திருட்டுப் பழக்கம் உண்டு. யாருக்கும் தெரியாத மூலையில், வைப்பருக்கு அடியிலோ பெட்ரோல் மூடிக்கு உள்ளேயோ, தனக்கென்று ஒரு சின்ன உருவத்தை ஒளித்து வைப்பார்கள். அவள் வைத்தது இடது பின் விளக்கின் உள்ளே, நகம் அளவில். முன்சக்கரம் போய், மூக்கு தரையில் முட்டி நிற்கிற ஒரு தகரக் கார். அண்ணனுடைய பொம்மை. அவளுக்கு ஆறு வயதில் அதன் சக்கரம் ஒடிந்தது. யார் ஒடித்தது என்று வீட்டில் விசாரணை நடந்தது, அவள் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. அவன் அந்தச் சக்கரமில்லாத காரையே இழுத்து இழுத்து இன்னும் இரண்டு வருஷம் விளையாடினான். சாய்வாக வெளிச்சம் அடித்தால் மட்டும் தெரிகிற மாதிரி அதை விளக்குக்குள் செதுக்கியிருந்தாள். டார்ச்சும் கையுமாக அலைகிற ஒரு பல் டாக்டர் வந்து விளக்குக்குள் எட்டிப் பார்ப்பான் என்று யார் கண்டது.

இது என் வீட்டுப் பொம்மை ஆச்சே என்று ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வந்தால் போதும், எல்லாம் முடிந்தது.

டார்ச் வெளிச்சம் இடது விளக்கில் நின்றது. நகரவில்லை. பிறகு அணைந்தது. அண்ணன் மெதுவாக எழுந்து, நேராகச் சுவர்க் கண்ணாடியைப் பார்த்தான். அவள் நாற்காலிக்குள் சுருங்கினாள். ஆனால் அவன் பார்வை இரண்டடி தள்ளி விழுந்தது.

“என்னை ஏன் இப்படி முறைக்கிறாரு?” என்றான் பென்சில்.

“ஏதாவது சொல்லணுமா சார்?” என்று கேட்டான் அங்கே கேள்வி கேட்கிற பையன்.

“ஒண்ணுமில்ல,” என்றான் அண்ணன். “விளக்கு நல்லாருக்கு.”

மார்க் போடுகிற நேரம். ஆளுக்கொரு பலகை கொடுத்திருந்தார்கள், அதில் தட்டத் தட்ட இந்தப் பக்கத் திரையில் எண் விழுந்தது. ஏழு, எட்டு, ஆறு, எட்டு. பதினோரு பேர் போட்டு முடித்தபோது சராசரி ஏழு புள்ளி பூஜ்யம் ஒன்பது. பன்னிரண்டாவது கட்டம் காலி. அண்ணன் விரலைத் தூக்கிப் பிடித்தபடி நின்றான்.

போடுடா பத்து, என்றது அவள் மனசு. உடனே இன்னொரு பயம் வந்தது. இப்போது அவன் போடுகிற பத்து காருக்கா, தங்கைக்கா? அந்தப் பத்தை வைத்துக்கொண்டு அவள் எப்படித் தூங்குவாள்? வேண்டும் என்றும் இருந்தது, வேண்டாம் என்றும் இருந்தது.

திரையில் நாலு விழுந்தது. சராசரி ஆறு புள்ளி எட்டு மூன்று.

மேடம் நோட்டை மூடினார். “சரி. பென்சில், உன்னோடதைத் தயார் பண்ணு.”

இப்போதுதான் அவளுக்கு அந்தத் தாள் முழுசாக நினைவுக்கு வந்தது. உறவினர் மார்க் செல்லாது. நாலைத் தூக்கினால் ஏழு தாண்டிவிடும். பத்து வரும் என்று நினைத்தபோது மூடியிருந்த வாயை, நாலு வந்ததும் திறப்பதா? திறக்காமல் இருந்தால் அதுவும் பொய்தான், தோற்றுப்போகிற பொய் என்பதைத் தவிர வித்தியாசமில்லை. அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

“மேடம்,” என்றாள். “அந்தக் கட்டம் போட்ட சட்டை என் அண்ணன்.”

பென்சில்தான் முதலில் பேசினான். “அப்ப அந்த நாலு செல்லாதே. உனக்கு ஏழு வந்துடும்.” குரலில் வஞ்சம் இல்லை, கணக்குத்தான் இருந்தது.

மேடம் அவளையே பார்த்தார். “எப்ப பாத்த?”

“உள்ள வந்தப்பவே.”

“காலைலதானே கையெழுத்துப் போட்ட. அப்பவே ஏன் சொல்லல?”

இருட்டாக இருந்தது, முதுகுதான் தெரிந்தது, சந்தேகமாக இருந்தது. மூன்று பதில்கள் வரிசையில் நின்றன. அவள் மூன்றையும் விட்டாள்.

“பத்து போடுவான்னு நினைச்சேன் மேடம்.”

பென்சில் தன் நோட்டைப் பார்த்தான்.

“கூட்டம் மொத்தமும் ரத்து,” என்றார் மேடம். “மூணு வாரத்துல வேற பன்னிரண்டு பேர். அன்னிக்கு நீ இந்த ரூம்ல இருக்கமாட்ட. எழுத்துல எச்சரிக்கை வரும், வாங்கிக்கோ.” எழுந்து கதவு வரை போய்த் திரும்பினார். “உங்க அண்ணன் சொன்னது மார்க்லதான் சேராது. என் காதுல விழுந்துடுச்சு. அந்தக் கண்ணாடியை என்ன பண்ணலாம்னு பாரு.”

சாயங்காலம் கார் நிறுத்துமிடத்தில் சாவியைப் போடக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. அண்ணன். பார்த்ததை வெளியே சொல்லமாட்டேன் என்று அவனும் எழுதிக் கொடுத்திருப்பான்.

“என்ன, மெஷின் கதவெல்லாம் எப்படிப் போகுது?”

“கண்ணாடியைப் பெருசாக்கணும். மூணு வாரம் டைம்.”

“எவ்ளோ?”

“நாப்பது மில்லிமீட்டர். மேல் கோடு கொஞ்சம் ஏறும்.”

“ஏறட்டும். உள்ள என்ன சுத்துதுன்னு தெரியணும் இல்ல.”

“கொஞ்சம் கூடப் போட்டிருக்கலாம்ணா.”

“சோப்புத் தூளா?”

“ஆமா. சோப்புத் தூள்.”

“போட்டிருக்கலாம். துணி வெளுத்திருக்காது.” பின்னால் யாரோ வாய் கொப்பளிக்கிற சத்தம் கேட்டது. “என் தகரக் காரு ஞாபகம் இருக்கா? அதோட முன்சக்கரம் எப்படிப் போச்சுன்னு இன்னிவரைக்கும் தெரியல.”

எனக்குத் தெரியாது என்கிற பதில் இருபத்தெட்டு வருஷமாக அவள் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

“நான்தான் ஒடிச்சேன்,” என்றாள்.

“தெரியும்,” என்றான் அண்ணன். “சரியாத்தான் வரைஞ்சிருக்க.”