கடலுக்கு முதுகு காட்டிய பீரங்கிகள்

கப்பலின் ஊதல் மூன்று முறை நீளமாக அலறியது. கோட்டைச் சுவரில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஓணான் சடாரென்று பீரங்கிக்குள் புகுந்தது. சுற்றுலா வந்த ஹால்ஸ்டெட் ஜாதிக்காய் மிட்டாயைக் கடித்தபடி, "யாருக்கோ அவசரம் போல," என்றார்.

அவரை அழைத்து வந்த வேன் டிரைவர் ஆவனெல் சுவரோரம் எட்டிப் பார்த்தாள். கீழே செயின்ட் ஜார்ஜஸ் துறைமுகத்தில் அவர் வந்த கப்பல்தான் கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்தது.

காலையில் துறைமுகத்தில் அவள் வேனை வாடகைக்குப் பிடித்தவர் அவர்தான். ஒரு காலத்தில் இந்தத் தீவில் ஹோட்டல் மேனேஜராக இருந்தாராம். பழைய இடங்கள் எதையும் அப்போது பார்க்க வாய்க்கவில்லையாம். முகம் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. மணிக்கட்டைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. தங்கப் பட்டை, நீல முகம், ஓரத்தில் குட்டிப் பிறை. அவள் சிறுமியாக இருந்தபோது கோர்ட்டில் வாசிக்கக் கேட்ட அதே அடையாளம். ஹோட்டல் அறை துடைத்த அவள் அம்மா யூஜினாவைச் சிறைக்கு அனுப்பிய கைக்கடிகாரம். வெளியே வந்த அம்மாவுக்கு ஒரு வீட்டிலும் வேலை கிடைக்கவில்லை. திருடி என்ற பெயரோடுதான் புதைத்தார்கள்.

பிரேசில் பக்கமிருந்து வந்த கப்பல் அது. அதன் கடிகாரம் தீவைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடியது; கிளம்புவதும் அந்தக் கணக்கில்தான். பயணிகளிடம் கப்பல் மணியை மாற்றாதீர்கள் என்று சொல்வதுதான் துறைமுக டிரைவர்களின் முதல் பாடம். "உங்க வாட்ச் ரொம்ப முந்திப் போகுது சார். எங்க ஊர் மணிக்கு வச்சுக்குங்க," என்றாள் ஆவனெல். அவர் நன்றி சொல்லி முள்ளைத் திருகி வைத்துக்கொண்டார்.

தீவின் பூர்வகுடிகளான கரீப் மக்கள் அடிமையாக மறுத்துக் கடலில் குதித்த மலைமுனை, தண்ணீர்ச் சக்கரம் சுற்றும் ரம் ஆலை, புயலில் கூரை பறந்த தேவாலயம் என்று காட்டினாள். மனிதர் நல்ல துணைதான். கோகோ டீ வாங்கிக் கொடுத்தார், அவள் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். தேவாலயத்தருகே அவள் மனசு தள்ளாடியது. வருத்தமாய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நேரே துறைமுகத்துக்கு விட்டுவிடலாம்.

"இந்த ஊர்ல எதையாவது தொலைச்சிருக்கீங்களா சார்?"

"இந்த வாட்சைத்தான்," என்று சிரித்தார். "பெரிய களேபரம். கடைசியில என் டென்னிஸ் பைக்குள்ளயே கிடந்துது. அதுக்குள்ள கேஸ் முடிஞ்சிருச்சு. போய்ச் சொன்னா நமக்குத்தானே அசிங்கம்?"

"அந்தப் பொம்பளை?"

"எந்தப் பொம்பளை?"

அதன்பிறகுதான் வண்டியை மலைமேல் ஏற்றினாள். எதிரி ஒருமுறை தரைவழியே முதுகுப்பக்கமாக வந்து ஊரைப் பிடித்ததால், இந்தக் கோட்டையின் பீரங்கிகள் கடலைப் பார்ப்பதில்லை, தீவின் உட்பக்கத்தைத்தான் பார்க்கின்றன. பக்கத்துக் குன்றில் சிறைச்சாலை. அதன் மதிலை அவர் இரண்டு படம் பிடித்துக்கொண்டார்.

கப்பல் திரும்பி, துறைமுக வாயைத் தாண்டியபோதுதான் ஹால்ஸ்டெட் அதன் பெயரைப் படித்தார். மிட்டாய் கைநழுவியது. மனைவி, பாஸ்போர்ட், துணிமணி எல்லாம் அங்கே போய்க்கொண்டிருந்தன.

"இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கே," என்று மணிக்கட்டை அவள் முகத்தருகே நீட்டினார். "இதோ பார், என் வாட்ச்சைப் பார்."

ஆவனெல் பார்த்தாள்.

"அது எங்கம்மாகிட்ட இருக்குன்னுதானே சார், கோர்ட்டுல சத்தியம் பண்ணீங்க?"