அனெக்ஸுக்குப் போகும் குழாய்

"இன்னும் ரெண்டு வாளி தாங்க!"

படுக்கை விரிப்புகளைக் கட்டி மறைத்திருந்த பின்வளவிலிருந்து குரல் வந்தது. ஷிஃபானா குசினிக் குழாயைத் திறந்தாள். தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. இலந்தை இலை போட்டுக் காய்ச்சியதில் கொஞ்சம் கலந்து, வாளிகளைத் திரையோரம் வைத்துவிட்டுத் திரும்பினாள். திரைக்கு அப்பால் அவளுடைய வாப்பா ஸைனுலாப்தீனின் உடலை நாலு பேர் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். காலையில் சுபஹ் தொழுதுவிட்டு வந்து, கதிரையில் உட்கார்ந்து பிளேன்ரீ கேட்ட மனிதர். அந்தத் தேநீர் ஆறுவதற்குள் ஆள் சரிந்துவிட்டார்.

குசினி ஜன்னலால் பார்த்தால் அனெக்ஸின் வாசல் தெரியும். அங்கே குடியிருக்கும் கீர்த்தனி, இடுப்பில் கைக்குழந்தையும் மறு கையில் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் கானுமாகத் தெருமுனையிலிருந்து வந்துகொண்டிருந்தாள். வாசலில் கானை வைத்துவிட்டு விரல்களை உதறிக்கொண்டாள். ஷிஃபானா ஜன்னலை விட்டு விலகி நின்றாள்.

ஸைனுலாப்தீன் துறைமுகத்தில் கிளாக்கர் வேலையிலிருந்து இளைப்பாறியபோது கட்டிய அனெக்ஸ் அது. இரண்டு அறை, ஒரு குசினி. ஒன்பது வருஷத்தில் ஐந்து குடித்தனம். முதலாவது ஆள் சுவர் முழுக்க ஆணி அடித்தார். இரண்டாவது ஆள், தான் இருப்பதாகச் சொல்லி எடுத்துவிட்டு மச்சான் குடும்பத்தைக் கொண்டுவந்து இருத்தினார். மூன்றாவது குடும்பம் குளியலறையில் கோழி வளர்த்தது. நாலாவது ஆள் சொல்லாமல் கொள்ளாமல் போனதோடு பல்புகளையும் கழற்றிக்கொண்டு போனார். ஒவ்வொருவர் போகும்போதும் வாப்பாவின் ஒப்பந்தத் தாளில் ஒரு நிபந்தனை கூடியது. ஐந்தாவதாக வந்த சிவரூபனும் கீர்த்தனியும் இரண்டு வருஷமாக ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. அவர்களால் வந்த ஒரே தொல்லை, போகச் சொன்னபோது போகாததுதான்.

போகச் சொன்னதற்குக் காரணம் ஷிஃபானா. அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். இந்தப் பக்கத்து வழக்கத்தில் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குத்தான் குடிவருவார். அனெக்ஸ் அவள் பேருக்கு எழுதியாகிவிட்டது. ஒப்பந்தம் முடிந்தும் கீர்த்தனி இரண்டு மாதம் தவணை கேட்டாள். கிளிவெட்டியில் அவர்கள் கட்டுகிற வீட்டுக்கு இன்னும் கூரை ஏறவில்லை, பிள்ளை பிறந்தும் ஐம்பது நாள்தான். வாப்பா ஒரு லோயரிடம் போனார். வழக்கென்றால் வருஷக்கணக்கு என்றார் லோயர். வாடகை வீடு வைத்திருந்த சிநேகிதர் ஒருவர் குறுக்குவழி சொன்னார். தண்ணியை மூடினால் ஒரு கிழமைக்குள் பெட்டி கட்டுவார்கள்.

கிணறு, மோட்டர், தண்ணீர்த் தாங்கி எல்லாம் வீட்டுக்காரர் பக்கம். அனெக்ஸுக்குப் போகும் குழாயின் வால்வு தாங்கிக்கு அடியில், நிலத்தோடு ஒட்டி இருந்தது. வாப்பாவுக்கு முழங்கால் மடியாது. "நீ குனி மகள்" என்றார். அவள் குனிந்தாள். அன்று பின்னேரம் கீர்த்தனி வந்து மோட்டர் பழுதோ என்று கேட்டபோது, ஓம், பழுதுதான் என்று சொன்னவளும் அவள்தான். அதற்கு இன்றோடு நாலு நாள். இன்று காலை வாப்பா சரிந்தபோது, அலறல் கேட்டு ஓடிவந்து அவரைத் தூக்கி ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் ஏற்றிய ஆள் சிவரூபன்.

இப்போது அந்த வால்வுக்குப் பக்கத்தில்தான் வாப்பா கிடக்கிறார். ஆண்கள் நிற்கிற இடத்துக்கு அவள் போக முடியாது. யாரையாவது திறக்கச் சொன்னால் ஏன் மூடியது என்ற கேள்வி வரும். மௌத்தானவரின் குறையை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று ஓதப் பள்ளிக்குப் போன காலத்திலேயே படித்தவள் அவள். அங்கேயே இன்னொன்றும் படித்திருந்தாள். அல்லாஹ்வுக்குச் செய்த பிழையை அல்லாஹ் மன்னிப்பான், மனிதருக்குச் செய்ததை அந்த மனிதர்தான் மன்னிக்க வேண்டும். பின்னேர அஸர் தொழுகைக்கு ஜனாஸா எடுத்து அடக்கப் போகிறார்கள். அதற்கு முன் கீர்த்தனியிடமிருந்து ஒரு வார்த்தை வந்தாக வேண்டும். வராவிட்டால் வாப்பா அந்தச் சுமையோடு போவார், அதை நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

கொழும்பிலிருந்து மத்தியானம் வந்து சேர்ந்த அண்ணன் றிஸ்கானை வீட்டு நடையில் மறித்தாள்.

"நானா, ஒரு கத."

"கெதியாச் சொல்லு புள்ள. கபன் துணிய எடுத்துக் குடுக்கணும்."

"அனெக்ஸ் ஆக்களுக்கு வாப்பா... ஒரு அநியாயம் நடந்திருக்கு."

றிஸ்கான் சுற்றுமுற்றும் பார்த்தான். அழுது சிவந்திருந்த கண்கள் இன்னும் சிவந்தன.

"மௌத்தாகி இன்னும் அடக்கல்ல. அதுக்குள்ள வாப்பாட குறையக் கதைக்கிறியா?"

"குறை சொல்லல்ல நானா. மன்னிப்புக் கேக்கணும்."

"ஜனாஸா தூக்க முந்தி எல்லாருக்கிட்டயும் நான் கேப்பன். அதுக்குள்ள எல்லாரும் அடங்குவாங்க."

அவன் போய்விட்டான். எல்லாரும் என்பதற்குள் கீர்த்தனி அடங்குவாளா என்று ஷிஃபானாவுக்குத் தெரியவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பக்கவழியால் அனெக்ஸுக்கு நடந்தாள்.

கீர்த்தனி அடுப்பில் தண்ணீர் வைத்திருந்தாள். மூலையில் ஒரு பெரிய பேசினில் பிள்ளையின் அழுக்குத் துணிகள் குவிந்து கிடந்தன. அந்த வீட்டில் எப்போதும் மணக்கிற பேபி பவுடர் வாசம் இன்று இல்லை.

"வாங்கோ ஷிஃபானா. இருங்கோ. காலமை இவர் வந்து சொன்னவர். எனக்கும் சரியான கவலைதான்."

ஷிஃபானா உட்காரவில்லை.

"அக்கா, ஜனாஸா எடுக்க முந்தி கேக்கிறது எங்கட முறை. வாப்பா ஒங்களுக்கு ஏதும் செஞ்சிருந்தா மன்னிச்சிட்டன் எண்டு ஒரு வார்த்தை சொல்லிருங்க."

"என்ன செய்தவர்?"

ஷிஃபானா பேசினில் கிடந்த துணிகளைப் பார்த்தாள்.

"மோட்டர் பழுதெண்டு நீங்கள்தானே சொன்னியள்" என்றாள் கீர்த்தனி. குரல் ஏறவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "பழுதான மோட்டருக்கு ஆரம்மா மன்னிப்புக் கேக்கிறது?"

"அக்கா..."

"அங்க தண்ணி ஊத்திற சத்தம் இஞ்ச வரைக்கும் கேக்குது. இந்தப் பிள்ளையக் குளிப்பாட்டி நாலு நாள். கழுத்தெல்லாம் வேர்க்குரு. ராவு ராவா அழுகிறான். செத்தவரைக் குறை சொல்லக் கூடாது, எனக்கும் தெரியும். அதுக்காக மனசில இல்லாததை வாயால சொல்ல ஏலாது. நான் பொய் சொல்லி அனுப்பினா உங்கட வாப்பாவுக்குப் பிரயோசனமோ?"

வெளியே யாரோ அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். முகம் பார்க்க வரச் சொல்கிறார்கள். ஷிஃபானா வந்த வழியே ஓடினாள்.

வெள்ளைத் துணிக்குள் வாப்பாவின் முகம் மட்டும் தெரிந்தது. உம்மாவைப் பிடித்து எழுப்பி அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஷிஃபானாவால் அழ முடியவில்லை. ஒப்பந்தத் தாளில் கையெழுத்து வாங்கும்போது அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போடுவது அவளுக்கு ஞாபகம் வந்தது. அவர் கெட்ட மனிதர் இல்லை. மகளுக்கு ஒரு வீடு வேண்டும் என்று அவசரப்பட்ட மனிதர்.

ஜனாஸா வைத்த சந்தூக்கை முற்றத்துக்குக் கொண்டுவந்து தோளில் ஏற்றினார்கள். தெருவரைக்கும் ஆட்கள். மாப்பிள்ளை வீட்டாரும் வாசல் கேற்றடியில் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு சிவரூபன் நின்றான். றிஸ்கான் படியில் ஏறித் தொண்டையைச் செருமினான்.

"எங்கட வாப்பா யாருக்கும் கடன்பட்டிருந்தா எங்கிட்ட வாங்க, நான் பொறுப்பு. யாரையும் நோவினை செஞ்சிருந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சிருங்க."

"மன்னிச்சிட்டம், மன்னிச்சிட்டம்" என்று முற்றம் முழுக்கச் சொன்னது. அவர்களுக்கு வாப்பா ஒன்றும் செய்திருக்கவில்லை, அதனால் சொல்வது சுலபமாக இருந்தது. சிவரூபன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் வாய் அசையவில்லை.

பெண்கள் நின்ற கதவுக்குப் பின்னாலிருந்து ஷிஃபானா வெளியே வந்தாள். பக்கத்து வீட்டுப் பஸ்மியா மாமி அவள் கையை எட்டிப் பிடித்தார். உதறிக்கொண்டு படியில் இறங்கினாள்.

"நானா, கொஞ்சம் நில்லுங்க."

ஜனாஸா தூக்குகிற நேரத்தில், அத்தனை ஆண்களுக்கு நடுவே ஒரு பெண்ணின் குரல். தெரு வரைக்கும் பேச்சு நின்றது.

"அனெக்ஸுக்கு நாலு நாளாத் தண்ணி இல்ல. வால்வ மூடின நான். மோட்டர் பழுதெண்டு பொய் சொன்ன நான். அந்த வீடு எனக்குத்தான்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "வேற ஆர் பேரும் இதில இல்ல."

றிஸ்கானின் முகம் கறுத்துவிட்டது. மாப்பிள்ளையின் தகப்பன் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார். சுமந்தவர்கள் தோளை மாற்றவும் துணியாமல் நின்றார்கள். எல்லாரும் சிவரூபனைப் பார்க்க, அவன் அனெக்ஸ் வாசலைப் பார்த்தான். அங்கே கீர்த்தனி பிள்ளையைத் தோளில் போட்டபடி நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று யாருக்கும் தெரியாது.

அவள் ஷிஃபானாவைப் பார்த்தாள். வால்வடிக்கு மகளை அனுப்பியவர் யார் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. வாப்பாவுக்கு முழங்கால் மடியாது என்பது அந்தத் தெருவுக்கே தெரியும்.

"அவரைக் கொண்டு போங்கோ" என்றாள் கீர்த்தனி. "வெயிலுக்க வைச்சிருக்காதேங்கோ. அவரோட எனக்கு ஒண்டும் இல்லை. மிச்சத்தை நானும் ஷிஃபானாவும் கதைக்கிறம்."

கலிமாச் சத்தம் எழுந்தது. ஜனாஸா கேற்றைத் தாண்டித் துறைமுகத் தெருப் பக்கம் திரும்பியது. கடைசி வரிசையில் சிவரூபன் போனான். ஷிஃபானாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. விக்கி விக்கி, மூக்கைத் துடைக்கவும் தோன்றாமல், முற்றத்தில் நின்று அழுதாள்.

அறைக்குள்ளிருந்து உம்மா கத்தினார்.

"மாப்பிள்ள வீட்டாக்களுக்கு முன்னால என்ன வேலடி செஞ்ச? நாளைக்கு அவங்க வருவாங்களா?"

"தெரியா உம்மா" என்றாள்.

பின்வளவில் விரிப்புகளை அவிழ்த்திருந்தார்கள். நிலம் சொதசொதவென்று இருந்தது. அவள் முழங்காலை மடக்கிக் குந்தி வால்வைத் திருகினாள். குழாய் உஸ்ஸென்று இரைந்ததே தவிர ஒரு சொட்டு இறங்கவில்லை. குளிப்பாட்டியதில் தாங்கி காலியாகிவிட்டது. மோட்டரைப் போட்டுவிட்டு அங்கேயே நின்றாள். கொஞ்ச நேரத்தில் தாங்கிக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அனெக்ஸ் பக்கம் ஒரு பேசின் நிரம்புகிற சத்தம் கேட்டது. பிறகு கல்லில் துணி அடிக்கிற சத்தம். ஒவ்வொரு அடியும் பலமாக விழுந்தது.

பஸ்மியா மாமி ஓடிவந்தார். "மௌத்து வீட்டுக்குப் பக்கத்தில, இந்த நேரத்திலயா துணி அடிக்கிற? போய்ச் சொல்லட்டா?"

"விடுங்க மாமி" என்றாள் ஷிஃபானா. "துவைக்கட்டும்."

தாங்கி நிரம்பி வழியத் தொடங்கிய பிறகும் அவள் மோட்டரை நிறுத்தவில்லை.