நனையக் கூடாத கை

தையல்காரிக்கு வலது கைதான் சோறு போடும் கை. அந்தக் கையில்தான் குழாயைச் செருகிவிட்டார்கள். இரத்தத்தில் கிருமி புகுந்துவிட்டது. வாரக்கணக்கில் நரம்பு வழியாக மருந்து ஏற வேண்டும். அதற்காக மேற்கையில் நுழைத்த மெல்லிய குழாயின் நுனி உள்ளே நெஞ்சு வரை போயிருந்தது. தினமும் வீட்டுக்கு வந்து மருந்து ஏற்றும் நர்ஸ், குழாய் வாய்க்கு மேல் ஒட்டிய கட்டைக் காட்டி, "இதுல சொட்டுத் தண்ணி படக்கூடாது. குளிக்கறப்ப யாராவது கூட இருக்கணும். தாழ்ப்பாள் போடாதீங்க" என்று படித்துப் படித்துச் சொன்னாள்.

கூட இருக்க யார் இருக்கிறார்கள்? கணவன் வேலைக்குப் போனால் வீட்டில் மிஞ்சுவது ஓரகத்தி ஒருத்திதான். அவள் மகளுக்கு இவள் தைத்த சட்டையில் ஒரு கை குட்டையாகிவிட்டது. அதை அவள் உறவுக்காரர்கள் நடுவே தூக்கிக் காட்டிச் சிரித்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. அவள் முன்னால் துணியை அவிழ்ப்பதாவது!

நான்கு சுவருக்குள் அடைந்து கிடந்து தலை சிக்குப் பிடித்து நாறியது. பொறுத்தது போதும் என்று ஒரு நாள் பிளாஸ்டிக் உறையைக் கையில் சுற்றி, பல்லால் கடித்துக் கடித்து டேப் ஒட்டிக்கொண்டு, குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாளும் போட்டுவிட்டாள்.

முக்காலியில் உட்கார்ந்து, வலது கையை ஒதுக்கிப் பிடித்தபடி, இடது கையால் தலையில் நுரையைக் குழைத்தாள். முதல் சொம்பு ஊற்றியபோது அப்பாடா என்றிருந்தது. இரண்டாவதில் டேப் நழுவியது. உறைக்குள் நீர்த் துளிகள் கோடு கோடாக இறங்கின.

நுரை கண்ணில் எரிய, துண்டைச் சுற்றிக்கொண்டு தாழ்ப்பாளைத் தடவினாள். சாதாரண நாளிலேயே மக்கர் பண்ணும் தாழ்ப்பாள். சோப்புக் கைக்கா அசையும்? வலது கையால் பலம் கொடுக்கவும் பயம். சுவர்கள் நெருங்கி வந்த மாதிரி மூச்சு முட்டியது. கதவை உதைத்தாள்.

"யாராவது இருக்கீங்களா?"

"யாராவதுன்னா? என்னைத் தவிர யாரு இருக்கா, அக்கா?" ஓரகத்தியின் குரல். "என்ன ஆச்சு?"

"கட்டு நனையுது. கதவு திறக்க மாட்டேங்குது."

"அந்தக் கையால இழுக்காதீங்க! துணியைச் சுத்தி இடது கையால பிடிங்க. நான் கதவை அமுக்கறேன், அப்ப இழுங்க. ம்... இப்ப!"

தாழ்ப்பாள் கிறீச்சிட்டு நகர்ந்தது. உள்ளே வந்தவள் முகத்து நுரையைத் துடைத்தாள், உறையைப் பிரித்தாள், துணியைப் போர்த்தினாள், நர்ஸுக்குப் போன் போட்டாள். நர்ஸ் வந்து நனைந்த கட்டை மாற்றினாள். "ஓரம்தான் நனைஞ்சிருக்கு. காய்ச்சல், குளிர் வந்தா உடனே சொல்லுங்க" என்றவள், இருவரையும் நிற்க வைத்துத் திட்டிவிட்டுத்தான் போனாள்.

காய்ச்சல் வரவில்லை. ஆனால் அடுத்த குளியலிலிருந்து கதவு ஒருக்களித்தே இருந்தது. கையைச் சுற்றி ஓரகத்தியே உறையை ஒட்டினாள்; தலையைக் குனிய வைத்து, துவைக்கிற துணியைப் போலத் தேய்த்தாள். வாயும் ஓயவில்லை, எதிர்வீட்டுக்காரி வண்டி ஓட்டப் பழகிய கதையை இழுத்துக்கொண்டே போனாள். எழுந்து போகவும் வழியில்லை, காதைப் பொத்தவும் கையில்லை.

"அப்புறம் சுவத்துல இடிச்சாளா, இல்லையா?" என்று கடைசியில் தையல்காரியே கேட்டுவிட்டாள்.