பிழையாய் வந்த படம்

சவிரிமுத்து அண்ணையின் வள்ளம் மார்கழி வாடைக்காற்றில் காணாமற் போனது. கூடப் போன இருவரின் உடலையும் கடல் எங்கள் நெடுந்தீவின் மேற்குக் கரையில் கொண்டுவந்து போட்டது. அண்ணையைப் போடவில்லை. பங்குனி பிறந்ததும், உடல் கிடைக்காவிட்டாலும் அண்ணையின் ஆன்மாவுக்காகச் சனிக்கிழமை இளைப்பாற்றிப் பூசை வைக்கலாம் என்று பங்குச் சுவாமி சொன்னார். அம்மா சம்மதித்தாள். பூசைக்கு முன் மருமகளின் தாலியைத் தன் கையாலேயே கழற்ற வேண்டும் என்றாள். மாக்கிறேற் மச்சாள் மறுத்துவிட்டாள். கண்ணால் காணாத சாவுக்குத் தாலி கழற்ற முடியாது என்பது அவள் பேச்சு. அன்றிலிருந்து ஒரே குசினியில் இரண்டு அடுப்பு எரிந்தது.

வியாழக்கிழமை பின்னேரம் பாடசாலை மண்டபத்தில் லூர்து மாதாவின் படம் காட்டப்போவதாகக் கோயிலில் அறிவித்தார்கள். நான் இருவரையும் கெஞ்சிக் கூட்டிப்போனேன். ஒரு வாங்கிலாவது பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

யன்னல்களுக்குப் பாய் கட்டி மண்டபத்தை இருட்டாக்கியிருந்தார்கள். அதுவரை அங்கே காட்டியவை எல்லாம் புனிதர்களின் வரலாறும் ஆண்டவரின் பாடுகளும்தான். அதனால் படம் தொடங்கியதும் சனம் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, பூசையில் இருப்பதுபோல அடங்கி இருந்தது.

படம் பிரெஞ்சு மொழியில் ஓடியது. மாதா வரவில்லை. ஒரு மாளிகையின் சுவர்களில் இறகு முளைத்தது. மணப்பெண் ஒருத்தியின் கூந்தல் படிவழியே இறங்கித் தெருவெல்லாம் வழிந்தது. கூரை முகட்டில் கடல் இருந்தது. அதன் மீன்களின் நிழல் சாப்பாட்டு மேசையில் நீந்தியது. மொழிபெயர்ப்பு நாவல்களை வாசித்து வாசித்து நான் மனதுக்குள் கட்டிவைத்திருந்த ஊர்கள் இப்போது திரைத்துணியில் அசைந்தன. ஒரு வெள்ளைக் குதிரை மாளிகைப் படியில் ஏறியது.

"அது தண்ணி விடாயிலை அலையுது. ஆராவது ஒரு வாளி வையுங்கோ" என்றார் பின்னாலிருந்த யாகப்பு அம்மான். எங்கள் தீவில் கோடை வந்தால் குதிரைகள் அப்படித்தான் அலையும். மண்டபமே சிரித்தது. மச்சாளும் சிரித்தாள். மார்கழிக்குப் பிறகு நான் கண்ட முதற் சிரிப்பு அது.

பிறகு அந்த மணப்பெண் ஒரு கரையில் தனியே நின்றாள். கடலுக்குள்ளிருந்து ஒரு தலை எழும்பியது. பிறகு தோள், பிறகு முதுகு. ஒரு மனிதன் கடலைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து கரைக்கு வந்தான். அவன் சட்டை நனைந்திருக்கவில்லை. அவள் அவனைக் கட்டிப்பிடித்தாள்.

அம்மா வாங்கிலிருந்து இறங்கி முழங்காலில் நின்றாள். அவளைப் பார்த்து வேறு பெண்களும் நின்றார்கள். மச்சாள் மட்டும் அசையாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் முடிந்ததும் சுவாமி முன்னால் வந்து, லூர்துப் படத்துக்குப் பதிலாக வேறொரு பிரெஞ்சுப் படத்தின் பெட்டி வந்துவிட்டதென்றும், பார்த்தது வெறும் கற்பனை என்றும் சொன்னார். அம்மா அதை ஏற்கவில்லை.

"பிழையாய் வந்ததெண்டு சுவாமி சொல்லுறார். பூசை வைக்கப் போற கிழமையிலை அதை அனுப்பினது ஆர்?"

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா மச்சாளின் கையைப் பிடித்தாள். தாலிப் பேச்சு எழும்பிய பிறகு அவர்கள் தொட்டுப் பேசியதில்லை.

"நீ சொன்னதுதான் சரி, பிள்ளை. அவன் வருவான். பூசை வேண்டாம்."

மச்சாள் கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

"மாமி, நீங்கள் அலையைப் பாக்கேல்லையோ? கரையிலை கிடந்த நுரை கூடிக் கடலுக்கை ஓடினது. உடைஞ்ச அலை திரும்ப எழும்பிப் பின்னுக்குப் போனது. படம் எடுத்தவை அந்த இடத்தைத் தலைமாறி, கடைசியிலையிருந்து முதலுக்கு ஓடவிட்டிருக்கினம். அந்த மனுசன் வரேல்லை. நடந்து உள்ளுக்குப் போனவர்."

அம்மா நடுவழியில் நின்றாள்.

"எனக்கும் ஒருக்கால் இவர்தான் எண்டு நெஞ்சு அடிச்சது, மாமி. அப்பதான் அலையைப் பாத்தனான். கண்ணாலை காணவேணுமெண்டு நிண்டனான். கண்டிட்டன்."

அம்மா அவள் கன்னத்தில் அறைந்தாள்.

வெள்ளிக்கிழமை அம்மா சுவாமியிடம் போய்ப் பூசையை நிறுத்தச் சொன்னாள். பின்னாலேயே மச்சாள் போய் வைக்கச் சொன்னாள். சுவாமி பெண்சாதியின் சொல்லையே எடுத்தார்.

சனி விடிய அம்மா அண்ணைக்கும் சேர்த்து அரிசி போட்டாள். தாலியைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டாள். மச்சாள் கறுப்புச் சீலையோடு குசினிக்குள் வந்து எனக்கு முதுகு காட்டி இருந்தாள்.

"நீர் கழற்றும், சவுந்தரி."

"எனக்கு ஏலாது, மச்சாள்."

"வேறை ஆரிட்டை நான் கேக்கிறது?"

கயிற்றின் முடிச்சு வியர்வையில் இறுகிக் கல்லாகிக் கிடந்தது. நகம் ஏறவில்லை. குனிந்து பல்லால் கடித்தேன். வாயெல்லாம் உப்பு. முடிச்சு இளகும்வரை அவள் கழுத்து அசையவில்லை. படலையடியில் அம்மா, கோயிலுக்குப் போகும் பெண்களை ஒவ்வொருவராக மறித்து, அங்கே ஒருவரும் அழக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.