நான்காவது துளி

ஒவ்வாமைச் சோதனைக்காக, தொமோயேயின் இடது முன்கையில் வரிசையாக எட்டு எண்களைப் பேனாவால் எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சொட்டு மருந்து வைத்து, ஊசி முனையால் மேல்தோலை லேசாகக் கீறியிருந்தார் டாக்டர் குராமொச்சி. பதினைந்து நிமிடம் கையை அசைக்கக் கூடாது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, நான்காவது இடம் அரிக்கத் தொடங்கியது. கொசு கடித்ததுபோல் தடித்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரங்களில் கால் முளைத்துப் பரவியது. டாக்டர் அந்தச் சொட்டைத் துடைத்துவிட்டு ஸ்கேலை வைத்து அளந்தார். பதினான்கு மில்லிமீட்டர். அது எந்த மருந்து என்று தொமோயே கேட்டாள். ஸொபா என்றார்.

ஸொபா தானியத்தை அரைத்து, மாவைப் பிசைந்து நூடுல்ஸாக வெட்டி விற்கிற கடைதான் அவளுடையது. மாத்சுமோதோவில், ரயில் பாதையை ஒட்டி, கீழே கடையும் மேலே வீடுமாக. பத்தொன்பது வருடங்களாக அவளும் கணவன் ஷிகெருவும் அந்த மாவுக்குள்தான் மூச்சு விடுகிறார்கள். போன மாதம் மாடிப்படியில் மூச்சடைத்து விழுந்தபோது அவன் ஊரில் இல்லை. பக்கத்துக் கடைக்காரிதான் டாக்ஸியில் இங்கே கொண்டுவந்து சேர்த்தாள். இன்றைய சோதனையைக்கூட அவனிடம் சொல்லாமல்தான் வந்திருந்தாள். இல்லாத நோயைத் தேடி மறுபடியும் அலைகிறாள் என்று நினைத்துவிடுவானோ என்ற வெட்கம்.

டாக்டர் பழைய கோப்பு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் இதே மருத்துவமனையை நடத்தி ஓய்வுபெற்ற கிழவரின் கோப்பு.

"ஒன்பது வருஷம் முன்னாடி ரத்தத்துலயே இதைப் பாத்திருக்காங்களே. ஒவ்வாமை அளவு ஆறுக்கு ஆறு, அதுக்கு மேல கெடையாது. உங்களுக்குத் தெரியாதா?"

ஓரத்தில் கிழவரின் கையெழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. மாவுப் பக்கமே போகக் கூடாது. கணவர் வந்து முடிவை வாங்கிக்கொண்டார். தானே பக்குவமாகச் சொல்வதாகக் கூறினார்.

அந்த நாள் அவளுக்கு ஞாபகம் இருந்தது. காய்ச்சலோடு படுத்திருந்தாள். ஷிகெரு வந்து படுக்கை ஓரம் உட்கார்ந்து, ரத்தத்தில் ஒன்றுமில்லையாம், அசதியாம், மனசுதான் காரணமாம் என்றான். வீண் அலைச்சல் கொடுத்ததற்காக அவள் அவனிடம் மன்னிப்புக் கேட்டாள். பரவாயில்லை என்று அவனும் மன்னித்தான். பிறகு கசப்புக் கஷாயம் குடித்தாள். மூச்சுப் பயிற்சிக்குப் போனாள். திணறல் வரும்போதெல்லாம் தன் மனசைத்தான் திட்டிக்கொண்டாள்.

பேருந்தில் திரும்பும்போது அதைவிட மோசமான ஒன்று புரிந்தது. அந்த வாரத்திலிருந்துதான் மாவு அரைப்பதை அவன் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டான். உன் கை வலிக்கும் என்றான். குளிர்காலம் முழுக்க அவளுக்கு முகக்கவசம் வாங்கிவந்தான். நாள் பூரா பார்க்கிறதையே சாப்பிடணுமா என்று அவளுக்கு மட்டும் தனியாகச் சோறு வடித்தான். இதையெல்லாம் அவள் தங்கையிடம் போனில் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறாள்.

மதிய வியாபாரம் முடிந்து கடைத் திரை இறக்கியிருந்தது. கதவைத் தள்ளினால் மாவு வாசனை வரும். அவள் தெருவிலேயே நின்று கூப்பிட்டாள். பிசைந்துகொண்டிருந்த கையோடு அவன் வாசலுக்கு வந்தான்.

"அங்கேயே நில்லுங்க," என்றாள்.

முன்கையை நீட்டினாள். தடிப்பு இன்னும் சிவந்திருந்தது. பக்கத்தில் பேனாவால் எழுதிய நாலு. அவன் அதைப் பார்த்தான், என்னவென்று கேட்கவில்லை. கேட்காததே அவளுக்குப் பதிலாகிவிட்டது. அதுவரை அந்தக் கிழவர் ஏதோ தப்பாக எழுதியிருக்கலாம் என்று மனதின் ஒரு மூலை சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

"அப்போ எங்கப்பா செத்து நாப்பது நாள்தான் ஆகியிருந்துது," என்றான். "கடையில நீயும் நானும்தான். சொன்னா நீ போயிடுவேன்னு நெனச்சேன்."

"கடையை விட்டா, உங்களை விட்டா?"

"அப்ப எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரிஞ்சுது. உன்னை அரவைக் கல் பக்கமே விடலையே, தொமோயே. பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்," என்றான்.

"ஆமா. நான் மூச்சு விட முடியாம கெடந்ததையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தீங்க."

அவன் அருகில் வர ஓரடி எடுத்து வைத்தான். அவள் பின்னால் நகர்ந்தாள். அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு, இரு, கழுவிட்டு வரேன் என்று உள்ளே போனான். குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடும் சத்தம் கேட்டது. மாற்றுத்துணி, வங்கிப் புத்தகம், தங்கையின் முகவரி எல்லாம் மாடியில் இருந்தன. மாடிக்குப் போக அந்தக் கடைக்குள்தான் நடக்க வேண்டும். தெருமுனை மணிக்கூண்டுப் பக்கமிருந்து பள்ளிவிட்ட பெண்கள் சைக்கிளில் சிரித்துக்கொண்டு கடந்து போனார்கள்.

அவன் வெளியே வந்தான். சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டி, ஈரம் சொட்டும் இரண்டு கைகளையும் முன்னும் பின்னுமாகத் திருப்பிக் காட்டினான். கைகள் சுத்தமாகத்தான் இருந்தன. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். புருவங்களில் வெள்ளை தெரிந்தது. மாவா, நரையா என்று அங்கிருந்து அவளால் சொல்ல முடியவில்லை.