வாயாடி வாய் திறக்கும்வரை

1

இந்தக் கதை என் அக்காவின் சமையலறையில், ஃபிரிட்ஜ் கதவில் தொடங்கியது. அங்கே ஒட்டியிருந்த புகைப்படத்தில் அத்தான் இருந்தார். அதுவே அதிசயம். கல்யாண ஆல்பத்திலேயே பாதித் தோளும் ஒரு காதுமாகத்தான் தட்டுப்படுவார் மனிதர். இதிலோ முழு முகம். தண்ணீருக்கடியில், முக்குளிக்கும் கண்ணாடிக்குள், கண்கள் இரண்டும் முட்டை முட்டையாக.

"யாரைப் பாத்துக்கா இப்படி மிரண்டாரு?"

"என்னைப் பாத்துதான்." அக்கா அடுப்பை அணைத்தாள். "உடனே கதை எழுத உக்காந்துடாதே. எழுதினாலும் யாரையும் கொன்னுடாதே."

வாக்குக் கொடுத்தேன். வாரம் ஒரு பிணம் என்று தொடர்கதை எழுதுகிறவன் கொடுக்கிற வாக்கா அது?

2

முதல் தொடக்கம்: 'கடலடி மணலில் அந்த உருவம் அசையாமல் கிட—'

வேண்டாம். முதல் வரியிலேயே வாக்கு காலி.

இரண்டாவது: 'அவள் பல் டாக்டர். அவன் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும்—'

மணமகள் தேவை விளம்பரம் மாதிரி இருக்கிறது. ஆனால் உண்மை. இருந்துவிட்டுப் போகட்டும்.

வாரம் முழுக்க "வாயைத் திறங்க, இன்னும் பெருசா" என்று சொல்கிற அக்கா, ஞாயிற்றுக்கிழமை கடலுக்குள் இறங்கிக் காத்திருப்பதும் ஒரு வாய்க்காகத்தான். பவளப்பாறை ஓரத்து மணலில் வளை தோண்டிக் குடியிருக்கும் விரல் நீள மீன். தலையில் முக்கால்வாசி வாய். இவர்கள் வைத்த பெயர் வாயாடி. பெயர்தான் அப்படி, நிழல் விழுந்தால் போதும், ஆள் வளைக்குள்.

(வாயாடி ஓர் அப்பா. முட்டைகளைப் பொரியும்வரை வாய்க்குள் வைத்துக் காப்பது அவன் பொறுப்பு. அவ்வப்போது வாயை அகலத் திறந்து முட்டைகளுக்குப் புதுத் தண்ணீர் காட்டுவான். அக்காவுக்கு வேண்டியது அந்த ஒரு கணம்.)

3

போன மாதம். முட்டைகளுக்குள் வெள்ளிப் பொட்டுகளாகக் கண்கள் தெரிந்துவிட்டன. அன்றிரவு பொரிந்துவிடும், மறுநாள் வந்தால் வெறும் வாய்தான்.

அக்கா கேமராவோடு மணலில் குப்புறப் படுத்திருந்தாள். பின்னால் சற்றுத் தள்ளி அத்தான். கடலுக்குள் ஜோடியாகத்தான் இறங்க வேண்டும். ஒருவருக்கு ஒருவர் காவல்.

வாயாடி தலையை நீட்டினான். அக்கா மூச்சு விட்டாள். குமிழிகள் கடகடவென்று கிளம்பின. வாயாடி உள்ளே. மறுபடி தலை, மறுபடி குமிழி, மறுபடி உள்ளே.

அப்போதுதான் அக்கா அதைச் செய்தாள். மூச்சைப் பிடித்தாள். காற்று டேங்க் கட்டி இறங்குகிறவர்களுக்கு முதல் பாடமே, என்ன ஆனாலும் மூச்சைப் பிடிக்காதே என்பதுதான்.

அத்தானுக்குத் தெரிந்தது என்ன? அசையாத மனைவி. குமிழி இல்லை.

"லிஃப்டுல மாட்டினவங்க கத்துற வரைக்கும் நான் நிதானமா ஸ்குரூவைக் கழட்டுவேன் மச்சான்," என்றார் பிற்பாடு என்னிடம். "சத்தம் நின்னுச்சுன்னா கடப்பாரைதான்."

டேங்கைப் பிடித்து ஒரே இழுப்பு. அக்கா மல்லாக்கப் புரண்டாள். அவள் விரல் பொத்தானை அழுத்தியது. விழுந்த படம்தான் ஃபிரிட்ஜ் கதவில் இருப்பது.

4

படகில் ஏறியதும் சண்டை ஆரம்பித்தது.

"மூச்சைப் பிடிச்சிட்டிருக்கிற ஆளை மேல இழுத்தா நுரையீரல் கிழிஞ்சிடும். தெரியுமில்ல?"

"மூச்சைப் பிடிக்கவே கூடாதுன்னு உனக்குத் தெரியுமில்ல?"

"அது என் மூச்சு!"

"போயிருந்தா என் பொண்டாட்டி!"

(இந்த இடத்தில் ஒரு வில்லனை நுழைத்துப் பார்த்தேன். கறுப்புக் கையுறை, டேங்கில் ஏதோ சதி. இரண்டு பேர் சொல்வதும் நியாயமாக இருக்கும்போது அவனுக்கு என்ன வேலை? கையுறையோடு அனுப்பிவிட்டேன்.)

அத்தான் மேல் எனக்கே ஒரு சந்தேகம். தோளைத் தட்டிப் பார்த்திருக்கலாமே? வாசகர் கேட்பாரே? நானே கேட்டேன்.

"கதவைத் தட்டிட்டு நிக்கிற நேரமா மச்சான் அது?"

அதன் பிறகு அவர் கடல் பக்கமே போகவில்லை. அக்கா வேறு ஜோடி தேடவுமில்லை. ஃபிரிட்ஜைத் திறக்கிறபோதெல்லாம் இருவரும் அந்த முகத்தைப் பார்த்தார்கள்; ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அத்தான் இரண்டு தடவை கழற்றிப் போட்டார். அக்கா இரண்டு தடவையும் திரும்ப ஒட்டினாள்.

பிறகு படகுக்காரர் செய்தி சொன்னார்: வாயாடி மறுபடி அப்பாவாகிவிட்டான்.

"நான் மூச்சைப் பிடிக்க மாட்டேன்," என்றாள் அக்கா, படத்திடம்.

"நான் இழுக்க மாட்டேன்," என்றார் அத்தான், அதே படத்திடம்.

இருவரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சாட்சி சிக்கிவிட்டான்.

5

எனக்கு நீச்சல் தெரியாது. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காற்றில்லாத காலை. கீழே நடக்கிற கதையில் எனக்குக் கிடைத்தது நீர்மேல் வெடிக்கும் குமிழிகள் மட்டும். இரண்டு வரிசை. இது அக்கா. அது அத்தான்.

அக்காவின் வரிசை நின்றது.

'வாக்குத் தவறிய—' என்று மனசு தலைப்புப் போட ஆரம்பித்தது. அடித்துவிட்டேன்.

அத்தானின் வரிசை நகர்ந்தது. அக்காவின் வரிசை இருந்த இடத்தை நோக்கி. நெருங்கியது. இன்னும் நெருங்கியது. கை நீட்டினால் எட்டும் தூரம்.

அங்கே அதுவும் நின்றது.

தண்ணீர் இஸ்திரி போட்டதுபோல் கிடக்கிறது. படகுக்காரர் பீடியை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே இருக்கிறார்.

(அ) இழுக்கப் போனவர், எட்டிப் பார்த்த வாயாடியைக் கண்டு, தன் குமிழி அவனை மிரட்டிவிடுமே என்று தானும் மூச்சை அடக்கிக்கொண்டு பக்கத்தில் கிடக்கிறார்.

(ஆ) கடப்பாரைக் கை நீண்டுகொண்டிருக்கிறது.

(இ) யாரையும் கொல்ல மாட்டேன் என்று நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். கடல் கொடுக்க—

இதற்கு மேல் எழுதப் போவதில்லை. நானும் மூச்சைப் பிடித்திருக்கிறேன். நீங்களும்தானே? கீழே இரண்டு பேர், படகில் நான், இந்தத் தாளுக்கு அந்தப் பக்கம் நீங்கள். நடுவில் வளையின் வாசலில் ஒரு சின்னத் தலை, எந்தக் குமிழிக்கு ஓடுவது என்று பார்த்துக்கொண்டிருக்கிறது.

முதலில் மூச்சு விடுகிறவர் முடிவை எழுதட்டும். மெதுவாக விடுங்கள்.