லிபெரோ உள்ளே போன நாள்

சவ வண்டி பேராலயத்தின் வாசலில் போய் நின்றது. நிற்க வேண்டிய இடம் அதுவல்ல. சதுக்கத்தின் எதிர்ப்பக்கம், லிபெரோ தன் காலமெல்லாம் உட்கார்ந்து வம்பளந்த மதுக்கடைக்கு முன்னால் நிற்க வேண்டும். கம்யூனிஸ்ட் கட்சித் தோழர்கள் ஆளுக்கொரு கோப்பை சிவப்பு மது குடிக்க, பேண்டுக்காரர்கள் ஊத, ஊர்வலம் அப்படியே கல்லறைக்குப் போக வேண்டும். அவர் மனைவி நொரினா ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லி வைத்திருந்தாள். ஓட்டுகிறவன் புது ஆள், இடம் தெரியாமல் நிறுத்திவிட்டான் என்று நினைத்து, போய்க் கண்ணாடியைத் தட்டினாள். அதற்குள் பெரிய கதவு திறந்தது. அடக்கப் பூசைக்குப் போடும் ஊதா அங்கியோடு தோன் செல்சோ சாமியார் நின்றுகொண்டிருந்தார்.

செத்தவருக்குக் கொடுத்த வாக்கு இப்படி நட்டநடு ஊரில் உடைகிறதே என்று நொரினா வண்டிக்குக் குறுக்கே போய் நின்றுகொண்டாள்.

அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பெண்கள் உள்ளே போவார்கள். ஆண்கள் சதுக்கத்தில் நின்று மாட்டு விலையும் அரசியலும் பேசுவார்கள். கடைசி ஆசீர்வாதத்துக்காவது பாதிப்பேர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நுழைவார்கள். லிபெரோ அதற்கும் மசியமாட்டார். நொரினாவைக் கட்டியபோதுகூட, சாமியார்கள் உடை மாற்றும் பின்னறையில்தான் அவசர அவசரமாக மோதிரம் மாற்றினார்கள். மகள் இவானாவின் கல்யாணத்தன்று பெண்ணை வாசற்படி வரை கைபிடித்து அழைத்து வந்து, மைத்துனன் கையில் ஒப்படைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். முதல் வரிசையில் நொரினாவின் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. ஊரே அதைப் பார்த்தது. ஒவ்வொரு பூசையிலும் அவள் அந்த மனுஷனுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். ஏற்றிய மெழுகை உருக்கினால் ஒரு ஆள் உயரத்துக்குச் சிலை வார்த்திருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் படுத்தபோது அவர் அவள் கையைப் பிடித்து, "சாமியார் கையில என்னை விட்டுறாத" என்றார். அவளுக்கு நெஞ்சு வெடித்தது. இருந்தும் சரி என்றாள். அவர் கண் மூடியதும், அனுதாபம் சொல்ல வந்த தோன் செல்சோவை வாசலோடு திருப்பி அனுப்பினாள். இந்த ஆத்மா எங்கே போய் வேகுமோ என்று தூங்காமல் கிடந்தாள்.

இப்போது இவானா ஓடி வந்து தாயின் தோளைப் பிடித்தாள்.

"அம்மா, வழி விடும்மா. அப்பாவேதான் கேட்டாரு."

"என்னத்தை?"

"சாமியாரை. நீ குளிக்க வீட்டுக்குப் போயிருந்தப்ப கூப்பிடச் சொன்னாரு. பாவத்தையெல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணி, நற்கருணை வாங்கினாரு. அடக்கப் பூசையும் இங்கதான் வேணும்னாரு. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரும்மா."

"எங்கிட்டயா? ஏன்?"

இவானா தரையைப் பார்த்தாள். "வெக்கமா இருக்குன்னாரு."

நேற்று ராத்திரியே சொல்ல நினைத்ததாகவும் வாய் வரவில்லை என்றும் அவள் அழுதாள். அது எதுவும் நொரினாவின் காதில் ஏறவில்லை. ஆயுசு முழுக்க இதற்குத்தானே மன்றாடினாள்? சந்தோஷம் வர வேண்டும். அது வருகிற வழியாகவே தெரியவில்லை. மண்டையில் ஓங்கி அடித்த மாதிரி இருந்தது. முன்பின் பழகாத சாமியாரிடம் வெட்கமில்லை, பெண்டாட்டியிடம் வெட்கமா? ஒரு நாள், ஒரே ஒரு நாள், பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தால் என்ன குறைந்திருக்கும்?

தோழர்களும் பேயறைந்தவர்கள் மாதிரிதான் நின்றார்கள். கொடி பிடித்திருந்த ஒலிந்தோ அதைத் தாழ்த்துவதா சுருட்டுவதா என்று தெரியாமல் விழித்தார். "நம்மளையும் சேர்த்து ஏமாத்திட்டானே, படுபாவி" என்று அவர் முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது.

நொரினா விலகினாள். பெட்டியைத் தூக்கினார்கள். பெண்கள் பின்னால் சென்றார்கள். இவானா தாயை அணைத்துப் படி வரைக்கும் கொண்டுவந்தாள். அங்கே நொரினா மகளின் கையை மெதுவாக எடுத்துவிட்டாள். திரும்பி, தொப்பி போட்ட ஆண்கள் நின்ற இடத்துக்கு நடந்து வந்தாள்.

ஒலிந்தோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு பூசை தவறவிட்டவளா அவள்? "நொரினா, உங்க கட்சிதான் ஜெயிச்சிருச்சே. உள்ள போ."

"இன்னிக்கு ஒரு நாள் அவரு தனியா இருந்து பாக்கட்டும்" என்றாள்.

ஒருவர் நகர்ந்து அவளுக்கு நிற்க இடம் கொடுத்தார். உள்ளே சாமியார் முதல் ஜெபத்தைத் தொடங்கினார். திறந்த கதவு வழியாக அது சதுக்கம் வரை வந்தது. நொரினாவின் உதடுகள் பழக்கத்தில் தாமாகவே பதில் சொல்ல ஆரம்பித்தன. அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். விரல்களுக்குள்ளே உதடுகள் அசைந்துகொண்டேயிருந்தன.